ஆவணப்படமும் அலமாரிச் சாவியும்

சிந்தாதிரிப்பேட்டையின் ஒரு விளிம்பில் பிளாக்கர்ஸ் சாலை இருக்கிறது. 1914இல் ரகுபதி வெங்கையா கெயிட்டி தியேட்டரைக் கட்டியது அங்கேதான். சென்னையில் இந்தியர் ஒருவர் சொந்தமாக எழுப்பிய முதல் நிரந்தரத் திரையரங்கு அது. இன்று அந்தக் கட்டடம் இல்லை. அதன் ஆரம்பகாலத்தில் இந்த ஊரில் எடுத்து ஓட்டிய மௌனப் படங்களும் இல்லை. பேட்டையின் இன்னொரு பக்கம் கூவத்தைத் தாண்டிப் போனால் எழும்பூர், கன்னிமாரா நூலகம். 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதி அங்கே போய்ச் சேர வேண்டும். பதிப்பாளர்கள் எல்லோரும் ஒழுங்காக அனுப்புகிறார்களா என்பது வேறு கதை. ஆனாலும் அறுபது வருஷத்துக்கு முந்தைய ஜோசியப் புத்தகமோ சமையல் குறிப்போ அங்கே கிடைக்க வாய்ப்பிருக்கிறது. அதே வருஷத்தில் எடுத்த படத்துக்கு அந்த வாய்ப்பு இல்லை, ஏனென்றால் படத்துக்கு அப்படியொரு சட்டமே கிடையாது. ஆற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தெரிகிற இந்த வித்தியாசத்தை வைத்துக்கொண்டு ஒரு விஷயத்தைப் பேசலாம். சமூக அக்கறையோடு எடுக்கும் ஆவணப்படங்கள் சேகரிப்பாளர்களை ஏன் இவ்வளவு இழுக்கின்றன? அந்த ஈர்ப்பால் படத்துக்கு நன்மையா, தீமையா?

முதலில் ஈர்ப்பைப் புரிந்துகொள்வோம். சேகரிப்பவருக்குப் பொதுவாக இரண்டு ஆசைகள் உண்டு. யாரிடமும் இல்லாத பொருள் தன்னிடம் இருக்க வேண்டும் என்பது ஒன்று. அந்தப் பொருளுக்கு ஒரு கதை இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. சமூக ஆவணப்படம் இரண்டையும் தீர்த்துவைக்கிறது. தணிக்கைக்கும் விநியோகத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு அதற்குப் பிரதிகள் குறைவாகவே இருக்கும். அது தடை, வழக்கு, போலீஸ் என்று ஏதாவது ஒரு கதையைச் சுமந்துகொண்டும் வரும். கூடவே மூன்றாவதாக ஒன்று சத்தமில்லாமல் சேர்ந்துகொள்கிறது: வைத்திருப்பவர்மேலும் படியும் ஒரு நல்ல பெயர். 2009இல் காந்தியின் மூக்குக்கண்ணாடி, செருப்பு, கடிகாரம் முதலியவை நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்தபோது, 18 லட்சம் டாலர் கொடுத்து எடுத்தவர் மதுபான வியாபாரி விஜய் மல்லையா. மதுவிலக்குக்காக வாழ்நாள் முழுக்கப் பேசியவரின் செருப்பு போய்ச் சேர்ந்த இடத்தைப் பார்த்து அப்போது பலர் சிரித்தார்கள். எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. பொருள் கைமாறும்போது அதை வைத்திருந்தவரின் கொள்கை கூடவே போவதில்லை; அவருடைய புகழ் மட்டும்தான் போகிறது. செருப்புக்கு அதனால் நஷ்டமில்லை. ஆவணப்படத்தின் கதை அப்படியில்லை. பலர் பார்க்க வேண்டும் என்பதற்காக எடுத்த ஒன்றை ஒருவர் வாங்கிப் பூட்டிவிட்டால், அதன் வேலையே நின்றுபோகிறது.

சேகரிப்பதும் காட்டுவதும் எப்படிச் சேரும் என்பதற்குத் தமிழில் ஏ.கே. செட்டியாரைவிடப் பொருத்தமான ஆள் இல்லை. கோட்டையூர்க்காரர். ரங்கூனில் பத்திரிகை ஆசிரியராக இருந்தவர். டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை படித்தார். 1937 அக்டோபர் 2ஆம் தேதி, காந்தியின் பிறந்தநாளன்று, நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குப் போகும் கப்பலில்தான் காந்தியைப் பற்றி ஒரு முழு ஆவணப்படம் எடுக்கலாம் என்ற எண்ணம் அவருக்குப் பிறந்தது. அப்போது அவருக்கு இன்னும் 26 வயது நிரம்பவில்லை. காந்தியை முதலிலிருந்து புதிதாகப் படம்பிடிப்பது நடக்காத காரியம். அவருடைய பொதுவாழ்வில் பெரும்பகுதி ஏற்கெனவே நடந்து முடிந்திருந்தது. ஆகவே உலகமெங்கும் மற்றவர்கள் எடுத்து வைத்திருந்த துண்டுப் படச்சுருள்களைத் தேடிப் போனார். ஏறக்குறைய ஒரு லட்சம் மைல் பயணம். முப்பது வருஷங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட ஒளிப்பதிவாளர்கள் எடுத்ததில் 50,000 அடி சேர்ந்தது. அதை வெட்டி, ஒட்டி, சுமார் 12,000 அடியாக்கி, தமிழ் விளக்க உரையோடு 1940 ஆகஸ்டில் வெளியிட்டார். காந்தியைப் பற்றிய முதல் முழுநீள ஆவணப்படம் தமிழில் வந்தது இப்படித்தான். அடுத்து தெலுங்கு, சுதந்திரத்தையொட்டி இந்தி, 1953இல் அமெரிக்காவில் ஆங்கிலம் என்று அது உருமாறிக்கொண்டே போனது.

இந்த விவரத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். செட்டியார் தன் படத்தில் பெரும்பகுதியைக் கேமராவால் எடுக்கவில்லை, சேகரித்தார். செய்திப்பட நிறுவனங்களின் கிடங்குகளிலும் தனியார் பெட்டிகளிலும் சிதறிக் கிடந்தவற்றை ஒரு கோவையாக்கினார். அந்த வகையில் அவர் இயக்குநர் எவ்வளவோ அவ்வளவு சேகரிப்பாளரும்கூட. சேகரித்ததைத் திரையில் ஓட்டிக் காட்டினார் என்பதுதான் அவரைத் தனியாக நிறுத்துகிறது. ஐம்பதாயிரம் அடியைப் பெட்டியில் வைத்துக்கொண்டு, ‘என்னிடம் காந்தி இருக்கிறார்’ என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாலும் அந்தக் காலத்தில் அவருக்குப் பெருமைக்குக் குறைவிருந்திருக்காது. அவரோ யுத்தம் தொடங்கி, பிரிட்டிஷ் அரசு எதையும் சந்தேகக் கண்ணோடு பார்த்த நாளில், தியேட்டரில் டிக்கெட் வாங்கி யாரும் பார்க்கலாம் என்று அதை வெளியே கொண்டுவந்தார். சேகரிப்புக்கும் சமூக அக்கறைக்கும் இடையே பகை எதுவும் இல்லை என்பதற்கு இதுவே சாட்சி. பகை இருக்கிறதென்றால் அது சேகரிப்புக்கும் காட்டுவதற்கும் இடையில், சேகரிப்பவர் ‘போதும், இனி இது எனக்கு மட்டும்’ என்று நினைக்கும் இடத்தில் தொடங்குகிறது.

அப்படிப்பட்ட படம் பிற்பாடு என்ன ஆனது? தமிழ்ப் பிரதி காணாமல் போயிற்று. பல வருஷங்கள் கழித்து, வரலாற்றாசிரியர் ஆ. இரா. வேங்கடாசலபதி தேடிப் பிடித்தது, அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்த, ஆங்கில வடிவத்தின் சுருக்கப்பட்ட ஒரு பிரதியைத்தான். 1940இல் சென்னைக்காரர்கள் தமிழில் கேட்டுப் பார்த்த அந்தப் படம் இன்று நம் கையில் இல்லை. ஆனால் அதை எப்படி எடுத்தேன் என்று செட்டியார் எழுதிய கட்டுரைத்தொடர் பத்திரமாக இருக்கிறது. 1943 முதல் தன் காலம்வரை அவர் நடத்திய ‘குமரி மலர்’ இதழில் அது வந்தது. வேங்கடாசலபதி அதைப் பதிப்பித்து, ‘அண்ணல் அடிச்சுவட்டில்’ என்ற புத்தகமாகக் காலச்சுவடு வெளியிட்டது. எவ்வளவு விநோதம் பாருங்கள். லட்சம் மைல் அலைந்து உருவாக்கிய படம் அழிந்தது, அந்த அலைச்சலைப் பற்றி மேசையில் உட்கார்ந்து எழுதிய பக்கங்கள் தப்பித்தன. இரண்டும் ஒரே ஆளின் உழைப்பு, அக்கறையிலும் குறைவில்லை. இதழுக்குப் பல பிரதிகள் இருந்தன, சந்தாதாரர் வீட்டிலும் நூலகத்திலும் ஒவ்வொன்று தங்கியது. படத்துக்கு இருந்தது விரல்விட்டு எண்ணக்கூடிய பிரதிகள். ஒரு படைப்பு காலத்தைத் தாண்டுவதற்கு அதன் மகத்துவத்தைவிட, அது எத்தனை இடத்தில் இருக்கிறது என்பதுதான் பெரும்பாலும் காரணமாகிறது.

அதே கோட்டையூரில் இன்னொரு செட்டியாரும் இருந்தார். விளம்பரப் பலகை எழுதும் ஓவியரான ரோஜா முத்தையா. பழைய புத்தகம், நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், துண்டுப் பிரசுரம் என்று மற்றவர் எடைக்குப் போடுவதையெல்லாம் வாங்கிச் சேர்த்தார். 1992இல் அவர் காலமான பிறகு, சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் அந்தச் சேகரம் சிதறாமல் காப்பாற்றப்பட்டு, 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாயிற்று. மைக்ரோபிலிம் எடுத்தார்கள், பட்டியல் போட்டார்கள், யார் வந்து கேட்டாலும் காட்டினார்கள். இன்று தமிழ்ச் சினிமாவின் ஆரம்பகாலத்தைப் பற்றி எழுதுகிற எவரும் அங்கே போகாமல் எழுத முடியாது. தனியார் சேகரிப்பின் மீது எனக்கு விரோதம் எதுவும் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். முத்தையா போன்ற ஒருவரின் பைத்தியக்கார ஆசை இல்லாவிட்டால் பாதி வரலாறு பட்டாணிப் பொட்டலமாகப் போயிருக்கும். ஆனால் அந்த ஆசை பாதி வேலையைத்தான் செய்தது. வீட்டுச் சேகரத்தைப் பொதுச் சொத்தாக்கியபோதுதான் மீதிப் பாதி நடந்தது.

இங்கே ஒரு பலமான எதிர்வாதம் வரும். ‘பொதுவில் விட்டதெல்லாம் அழிந்தது, பூட்டி வைத்ததுதான் பிழைத்தது’ என்பார்கள். அதற்கு நல்ல உதாரணமும் உண்டு. 1917–18 வாக்கில் நடராஜ முதலியார் எடுத்த ‘கீசக வதம்’ இல்லை. 1931இல் வந்து ஓகோவென்று ஓடிய ‘காளிதாஸ்’ இல்லை. ஆனால் நாகர்கோவில்காரர் சுந்தர்ராஜ் தயாரித்து 1933இல் வெளிவந்த மௌனப் படம் ‘மார்த்தாண்ட வர்மா’ இருக்கிறது. எப்படி? படத்துக்கு அடிப்படையான நாவலின் பதிப்புரிமை வைத்திருந்த திருவனந்தபுரம் கமலாலயா புத்தக டிப்போ வழக்குப் போட்டது. படம் ஓடாமல் நின்று, பிரதி அவர்கள் வசம் போய், பல பத்தாண்டுகள் அங்கேயே கிடந்தது. ஓடிய படங்களோ தேய்ந்து, கிழிந்து, கடைசியில் சுருளிலிருக்கும் வெள்ளிக்காக உருக்கப்பட்டன. பூட்டுதான் காப்பாற்றியது என்று இதை வைத்துத் தாராளமாக வாதாடலாம்.

ஆனால் கதையை முழுசாகப் பார்த்தால் வாதம் திரும்புகிறது. கமலாலயாவில் கிடந்த நாற்பது வருஷமும் அந்தப் படத்தை யாரும் பார்க்கவில்லை. 1974இல் புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தின் பி.கே. நாயர் அதை வாங்கி அங்கே கொண்டுபோன பிறகுதான் அது மறுபடி படமாயிற்று. இன்னும் சில வருஷம் தாமதித்திருந்தால் நைட்ரேட் சுருள் ஒட்டிக்கொண்டு பொடியாகியிருக்கும். அந்தக் காலத்துச் சுருளின் வேதியியல் அப்படி. காற்றும் வெக்கையும் பட்டால் தானாகச் சிதையும், தீப்பிடித்தால் தண்ணீருக்கும் அடங்காது. 2003 ஜனவரியில் அதே புனேயில் தீ வந்து பழைய நைட்ரேட் சுருள்கள் ஏராளமாக எரிந்தன. ஆகவே ஒரே பூட்டு, ஒரே பெட்டி என்பது அரசாங்கத்தின் கையில் இருந்தாலும் ஆபத்துதான். ‘மார்த்தாண்ட வர்மா’ தப்பித்தது அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தைக் கொள்கையாக வைத்துக்கொள்ள முடியாது.

இன்றைய தமிழ் ஆவணப்படங்களுக்கு வருவோம். 1999 ஜூலை 23ஆம் தேதி தாமிரபரணியில் மாஞ்சோலைத் தொழிலாளர் பேரணியில் 17 உயிர்கள் போன பிறகு ஆர்.ஆர். சீனிவாசன் எடுத்த ‘நதியின் மரணம்’. மதுரைத் தெரு ஒன்றில் மலத்தைக் கூட்டி அள்ளும் ஒரு பெண் தொழிலாளியின் வேலைநேரத்தைக் கண்ணை எடுக்காமல் காட்டும் ஆர்.பி. அமுதனின் ‘பீ’ (2003). தமிழ்நாடு முழுக்கத் துப்புரவுத் தொழிலாளர்களைத் தேடிப் போய் திவ்யபாரதி எடுத்த ‘கக்கூஸ்’ (2017). அமுதனின் படத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: பின்னணி இசையோ விளக்க உரையோ உதவிக்கு வராது, துடைப்பம் தரையில் உராயும் சத்தத்தோடு நாமும் அங்கே நின்றாக வேண்டும். இத்தகைய படங்களுக்குத் தியேட்டர் கிடைப்பதில்லை. பொதுத் திரையிடலுக்கு 1952ஆம் ஆண்டுச் சட்டப்படி தணிக்கைச் சான்றிதழ் வேண்டும். அது இல்லாவிட்டால் அதைக் காரணம் காட்டி அரங்கை மறுப்பது சுலபம். ‘கக்கூஸ்’ திரையிடல்களையே போலீஸ் பல இடங்களில் நிறுத்தியது. எனவே இந்தப் படங்கள் சங்கக் கூட்டங்கள், கல்லூரி அறைகள், புத்தகக் கடை மேசைகள் வழியாகக் கேசட்டாகவும் டிவிடியாகவும் பிறகு யூடியூபாகவும் சுற்றின. பொது அமைப்புகள் எடுத்துவைக்கத் தயங்குகிற இடத்தில் தனி ஆர்வலர்தான் மிஞ்சுகிறார். சமூகப் படத்துக்குச் சேகரிப்பாளர் தேவைப்படுவதே பொது அமைப்பின் தோல்வியால்தான்.

‘யூடியூபில்தான் எல்லாம் கிடக்கிறதே, இனி எதற்குச் சேகரிப்பும் காப்பகமும்?’ என்பது அடுத்த கேள்வி. யூடியூபில் இருப்பது பார்ப்பதற்கான வடிவம். ஒரு புகார் போதும், ஒரு கணக்கு முடங்கினால் போதும், அது போய்விடும். அதன் மூலப்பிரதி இருப்பது 2000களின் ஆரம்பத்தில் என்றால் மினி டிவி கேசட்டில், பிற்பாடு என்றால் இயக்குநர் வீட்டு ஹார்டு டிஸ்க்கில். அந்தக் கேசட்டை ஓட்டும் கருவி இன்று ரிப்பேருக்கே ஆள் கிடைக்காத சாமான். ஹார்டு டிஸ்க் எப்போது படுக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. படத்தில் சேராத நீண்ட நேர்காணல்கள், ஒரு தொழிலாளி முழுசாகச் சொன்ன சாட்சியம், இவையெல்லாம் யூடியூபில் ஏறுவதே இல்லை. பிற்காலத்தில் ஒரு வழக்கறிஞருக்கோ ஆய்வாளருக்கோ வேண்டியது அதுதான். இணையம் காட்டும் வேலையை நன்றாகச் செய்கிறது; காப்பாற்றும் வேலைக்கு அதை நம்ப முடியாது.

சேகரிப்பாளர் பக்கம் இன்னொரு நியாயம் இருக்கிறது, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது: ஆவணப்படக்காரரும் சாப்பிட வேண்டும். கலைக்கூடங்களின் உலகில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீடியோப் படைப்பை மூன்று, ஐந்து என்று எண்ணிக்கை போட்டுச் சான்றிதழோடு விற்பார்கள். வாங்குபவர் அருங்காட்சியகமாகவும் இருக்கலாம், தனி ஆளாகவும் இருக்கலாம். டெல்லியைச் சேர்ந்த அமர் கன்வார் ஆவணப்படத்திலிருந்து அந்த உலகுக்குள் போனவர்; ஜெர்மனியின் டாக்குமெண்டா கண்காட்சியில் 2002 முதல் 2017வரை தொடர்ந்து இடம்பெற்றவர். ஒடிசாவின் நிலம், சுரங்கம், வெளியேற்றம் பற்றிய அவருடைய ‘தி சாவரின் ஃபாரஸ்ட்’ பன்னாட்டுக் கலைக்கூடங்களில் காட்டப்பட்டது. அதோடு விடவில்லை. 2012இல் புவனேஸ்வரில் சமாதிருஷ்டி என்ற ஊடக மையத்தின் வளாகத்தில் அதே படைப்பை நிரந்தரமாக வைத்தார்கள். நாட்டு நெல் விதைகளும், கையால் செய்த காகிதப் புத்தகங்களும், படங்களும் அங்கே இருந்தன. பார்க்க வந்த ஊர்க்காரர்கள் தங்களிடமுள்ள ஆதாரங்களையும் கொண்டுவந்து சேர்க்க வழி வைத்திருந்தார்கள். உலகச் சந்தையில் மதிப்புள்ள ஒரு படைப்பு, அது யாரைப் பற்றியதோ அவர்கள் பஸ் ஏறி வந்து பார்க்கிற இடத்திலும் இருக்க முடியும் என்பதற்கு இது போதும்.

இதிலிருந்துதான் என் முடிவுக்கு வருகிறேன். புத்தகச் சேகரிப்பாளரை யோசித்துப் பாருங்கள். பாரதியின் முதல் பதிப்பு ஒன்றை ஒருவர் மைலாப்பூர் வீட்டு அலமாரியில் வைத்திருந்தால் நமக்கு எந்த நஷ்டமும் இல்லை, ஏனென்றால் கவிதை அவர் அலமாரியில் அடைபடவில்லை. அவருக்குச் சொந்தம் அந்தக் காகிதமும் அட்டையும் அச்சும். படிப்பு எல்லோருக்கும் சொந்தம். ஆவணப்படத்திலும் பொருளையும் படைப்பையும் இப்படிப் பிரித்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். இயக்குநர் கையெழுத்திட்ட போஸ்டர், படப்பிடிப்புக் குறிப்பேடு, எடிட்டிங் தாள், முதல் பிரதிச் சுருள், கேமரா, நீதிமன்ற ஆவணங்களின் மூலப்பிரதி, இவற்றை எவ்வளவு விலைக்கு வேண்டுமானாலும் விற்கட்டும், வாங்கட்டும். அரிது என்ற ஆசையும் கதை வேண்டும் என்ற ஆசையும் அதிலேயே நிறைவேறும். ஆனால் படத்தின் திரையிடும் உரிமையும் நல்ல தரப் பிரதியும் ஒப்பந்தத்திலேயே தனியாக நிற்க வேண்டும். குறைந்தது இரண்டு பொது நூலகங்களில் போய்ச் சேர வேண்டும்.

இதற்கும் ஒரு மறுப்பு உண்டு, எல்லாவற்றிலும் கனமானது. எல்லோருக்கும் திறந்துவிட்டால் படத்தில் முகம் காட்டியவர்கள் கதி என்ன? மலக்குழியில் இறங்கும் நிலையில் ஒரு தொழிலாளியைப் படம் எடுத்திருக்கிறோம். அவருடைய பேரன் கல்லூரியில் படிக்கும்போது அந்தப் படம் வாட்ஸ்அப்பில் வந்து விழலாம். நியாயமான அச்சம். அதற்காகவே, யார் பார்க்கலாம் என்பதைத் தீர்மானிக்கும் முதல் உரிமை வாங்கியவருக்கும் இல்லை, எடுத்தவருக்கு மட்டுமாகவும் இல்லை, படத்தில் இருப்பவருக்கும் பங்கு வேண்டும் என்கிறேன். சேகரிப்பாளரின் பூட்டு படத்தில் இருப்பவருடைய மானத்தைக் காப்பதற்காகப் போட்டதில்லை, அரிதாக வைத்திருப்பதற்காகப் போட்டது. விருந்தாளிகளுக்கு மட்டும் வரவேற்பறையில் காட்டுவது பொதுவில் காட்டுவதைவிட மரியாதையான காரியம் என்று நான் நினைக்கவில்லை. காப்பகத்தில் வைத்து, சில பகுதிகளை இத்தனை வருஷத்துக்குத் திறக்கக் கூடாது என்று நிபந்தனை போடலாம். கடிதச் சேகரங்களில் இது நெடுநாள் பழக்கம்.

சிந்தாதிரிப்பேட்டை 1734இல் நெசவாளர்களைக் குடியமர்த்த உருவாக்கிய பேட்டை. ஆட்களைக் கொண்டுவந்து வைப்பதும் பிற்பாடு அப்புறப்படுத்துவதும் இந்த ஊருக்குப் புதிதில்லை. கூவம் சீரமைப்பு என்ற பெயரில் கரையோரக் குடும்பங்கள் பெரும்பாக்கம் போன்ற இடங்களுக்குப் போயின. அவர்கள் விட்டுப்போன கரையைப் படமாக எடுத்தவர்கள் இருப்பார்கள், இனியும் எடுப்பார்கள். முப்பது வருஷம் கழித்து அந்தக் காட்சிகளுக்கு நிச்சயம் சந்தை வரும். ‘பழைய சென்னை’ என்றால் இப்போதே நல்ல கிராக்கிதானே. அப்போது அவற்றை ஒரு முதலீட்டாளர் வாங்கி வைத்திருப்பதும், பெரும்பாக்கத்தில் வளர்ந்த ஒரு பெண் தன் பாட்டி இருந்த வீட்டைப் பார்க்க நூலகத்தில் கேட்டு வாங்குவதும் ஒன்றாகாது. இரண்டும் நடக்கலாம் என்பதுதான் நான் சொல்ல வந்தது, முதலாவது மட்டும் நடந்தால் படம் எடுத்ததே வீண்.

ஆகவே செய்ய வேண்டியது பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. புத்தகத்துக்கு 1954இல் போட்டது போல ஆவணப்படத்துக்கும் ஒரு பிரதி ஒப்படைக்கும் சட்டம் வேண்டும். தணிக்கைச் சான்றிதழ் இருக்கிறதா என்று அது கேட்கக் கூடாது; காப்பது வேறு, அனுமதிப்பது வேறு. மத்திய அரசு செய்யும்வரை தமிழ்நாடு தன் அளவில் கன்னிமாராவிலோ கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலோ ஒரு பிரிவு தொடங்கலாம். ஹார்டு டிஸ்க்கும் ஒரு குளிரூட்டிய அறையும் பட்டியல் போடத் தெரிந்த நாலு பேரும் போதும். படம் எடுப்பவர்கள் விற்பனை ஒப்பந்தத்தில் பொதுப் பிரதிக்கு ஒரு வரி சேர்க்கலாம். சேகரிப்பாளர்கள் வாங்கும்போது, ‘இன்னொரு பிரதி எங்கே இருக்கிறது?’ என்று கேட்கலாம். ‘வேறெங்கும் இல்லை’ என்ற பதிலைக் கேட்டுச் சந்தோஷப்படுகிறவர் அந்தப் படத்தை நேசிப்பவர் இல்லை. அந்தப் பதிலைக் கேட்டதும் பதறி, இரண்டு பிரதி போட்டு ஒன்றை நூலகத்துக்கு அனுப்புகிறவர் கையில் எந்தப் படமும் பத்திரமாக இருக்கும்.